நான்கு பட்டம் எலிசபெத்தா, நான்கு பட்டம் சில்வானாவா? (பெண்கள் உலக கர்லிங்)

கடைசிக்கல்:
இருவரில் யார் பெரியவர் என்ற இந்தக் கேள்வி அடிக்கடி கிளம்புகிறது, பாதியிலேயே வேறு பேச்சுக்குத் திரும்பிவிடுகிறது. அதனால் தனி இழை.

கர்லிங் என்றால் பனித்தளத்தில் கனமான கல்லைச் சறுக்கவிட்டு எதிர்முனை வட்டத்தின் நடுவுக்கு அனுப்பும் ஆட்டம். பெண்கள் உலக கர்லிங் சாம்பியன்ஷிப் 1979இல் ஸ்காட்லாந்தின் பெர்த்தில் தொடங்கியது. ஆண்களுக்கு 1959லேயே வந்துவிட்டது, பெண்களை இருபது வருடம் காக்க வைத்தார்கள். அன்று முதல் 2025 வரை ஸ்கிப்பாக நான்கு பட்டம் வென்றவர்கள் இரண்டே பேர். ஸ்வீடனின் எலிசபெத் குஸ்தாஃப்சன்: 1992, 1995, 1998, 1999. சுவிட்சர்லாந்தின் சில்வானா திரின்சோனி: 2019, 2021, 2022, 2023.

மூன்று பட்டக்காரர்கள் சாண்ட்ரா ஷ்மிர்லர், அனெட் நோர்பெர்க், ரேச்சல் ஹோமன். ஹோமன் இன்னும் ஆடுகிறார், அவர் கணக்கு முடியவில்லை.

என் ஓட்டு சில்வானாவுக்கு. நடுவில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காமல் வரிசையாக நான்கு. 2022, 2023 இரண்டிலும் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, இரண்டு தடவையும் 14க்கு 14. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பனிமலை:
எலிசபெத். யோசிக்கவே வேண்டாம்.

அவர் அறுவை சிகிச்சை மருத்துவர். முழுநேர விளையாட்டு வீராங்கனை என்ற பேச்சே பெரிதாக இல்லாத காலத்தில், ஆஸ்பத்திரி வேலையையும் வைத்துக்கொண்டு ஏழு வருடத்துக்குள் நான்கு உலகப் பட்டம். எதிரில் யார்? ஷ்மிர்லர். 1993, 94, 97 மூன்றும் அவருக்குப் போனது. 1992 முதல் 1999 வரையான எட்டுப் பட்டங்களில் ஏழு இந்த இருவரிடம்தான், மீதி ஒன்று கனடாவின் மேரிலின் போடோக். சில்வானாவுக்கு அப்படி ஓர் எதிரி 2024இல்தான் வந்தார். வந்ததும் என்ன ஆனது? சிட்னியில் (நோவா ஸ்கோஷியாவின் சிட்னி, ஆஸ்திரேலியா இல்லை) இறுதியில் ஹோமன் 7-5.

சும்மா_வந்தவன்:
ஒலிம்பிக்கில் பார்த்துப் பிடித்துப்போய் வந்தவன் நான். ஸ்கிப் என்றால் கேப்டன்தானே? அவர்தானே கடைசிக் கல்லை விடுவார்? அப்புறம் ஸ்காட்லாந்து தனியாக ஆடுகிறதே, ஒலிம்பிக்கில் பிரிட்டன் என்று இருந்ததே, அது எப்படி?

நடுவட்டம்:
கடைசிக் கேள்விக்கு முதலில். உலகச் சாம்பியன்ஷிப்பில் ஸ்காட்லாந்து தனி நாடாக ஆடும், ஒலிம்பிக்கில் பிரிட்டன் கொடியில் ஆடும். ஈவ் மியூர்ஹெட் 2013இல் ரிகாவில் உலகப் பட்டம் வென்றது ஸ்காட்லாந்துக்கு, 2022 பெய்ஜிங் தங்கம் பிரிட்டனுக்கு.

சரி, ஸ்கிப். இங்கேதான் இந்த இழையின் முடிச்சே இருக்கிறது. ஓர் எண்டில், அதாவது ஒரு சுற்றில், ஒவ்வோர் அணிக்கும் எட்டுக் கல், நால்வர் தலைக்கு இரண்டு விடுவார்கள். ஸ்கிப் எதிர்முனை வட்டத்துக்குள் நின்று பிரஷ்ஷைக் காட்டி “இங்கே குறி வை” என்பவர். கல் நேராகப் போகாது, வளையும். பனிமேல் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறைய வைத்திருப்பார்கள், பெப்பிள் என்பது அதுதான். கல்லின் அடிப்பகுதி முழுதாகப் பனியைத் தொடாது, ஒரு மெல்லிய வளையம் மட்டும் அந்தப் பொட்டுகள்மேல் ஓடும். விடும்போது பிடியைக் கடிகாரத்தின் 10 மணி நிலையிலிருந்து 12க்கோ, 2இலிருந்து 12க்கோ மெல்லத் திருப்பி விடுவார்கள். திருப்பிய பக்கமாகக் கல் வளையும். ஆட்டம் போகப்போகப் பொட்டுகள் தேயும், போன எண்டில் போன பாதையும் வேகமும் இந்த எண்டில் இருக்காது. இதையெல்லாம் வாசித்துச் சொல்வதுதான் ஸ்கிப்பின் வேலை.

பெரும்பாலான அணிகளில் கடைசி இரண்டு கல்லையும் ஸ்கிப்பே விடுவார். ஆனால் கட்டாயம் இல்லை. திரின்சோனி அணியில் சில்வானா ஸ்கிப், மூன்றாவதாக விடுவார். கடைசிக் கல் அலினா பேட்ஸ் கையில். அந்த அலினா 2015 சப்போரோவில் தானே ஸ்கிப்பாக உலகப் பட்டம் வென்றவர். ஓர் உலகச் சாம்பியன் ஸ்கிப்பைக் கடைசிக் கல்லுக்கு வைத்துக்கொண்டு ஆடினார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பனிமலை:
அதைத்தான் சொல்ல வந்தேன். எலிசபெத்தின் கடைசிக் கல் எலிசபெத்தினுடையது. சில்வானாவின் நான்கு பட்டத்தில் பாதி அலினாவுக்கு.

கடைசிக்கல்:
இது அநியாயம். பனியை வாசித்து, எந்தக் கல்லை எடுப்பது, எதை விடுவது, எப்போது எண்டை வெறுமையாக விட்டுக் கடைசிக் கல் உரிமையைத் தக்கவைப்பது என்று முடிவெடுப்பவர் சில்வானா. தன் கையில் இருக்க வேண்டிய கடைசிக் கல்லை இன்னொருவர் நன்றாக விடுவார் என்று கொடுக்கும் துணிச்சல் எத்தனை ஸ்கிப்புக்கு வரும்?

மேற்குக்காற்று:
நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: 19 பட்டம் வென்ற நாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே ஏன்?

2025 வரை கணக்கு: கனடா 19, சுவிட்சர்லாந்து 10, ஸ்வீடன் 8. நார்வே, ஸ்காட்லாந்து, ஜெர்மனிக்கு இரண்டு இரண்டு. டென்மார்க் (1982), அமெரிக்கா (2003), சீனா (2009) தலா ஒன்று. இத்தனை வைத்துக்கொண்டும் நான்கு பட்டம் வென்ற கனடா ஸ்கிப் ஒருவரும் இல்லை. காரணம் திறமைக் குறைவா? இல்லை, உலகப் போட்டிக்குப் போவதற்கே அங்கே ஸ்காட்டீஸ் என்ற தேசியப் போட்டியை ஜெயிக்க வேண்டும். உலகச் சாம்பியனாக இருந்தாலும் அடுத்த வருட ஸ்காட்டீஸில் இடம் உண்டு, அவ்வளவுதான். அங்கே தோற்றால் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்க வேண்டியதுதான்.

1984 முதல் 1987 வரை கனடாவும் வரிசையாக நான்கு வென்றது. கோனி லாலிபர்ட்டி, லிண்டா மூர், மேரிலின் டார்ட், பாட் சாண்டர்ஸ். நான்கு வருடம், நான்கு ஸ்கிப். இந்த மேரிலின் டார்ட்தான் பின்னால் மேரிலின் போடோக் என்ற பெயரில் 1996இல் சொந்த மாகாணத்து ஹாமில்டனில் மறுபடி வென்றவர்.

ஒரே அணி நான்கு வெல்வது பெரிதா, யாரை அனுப்பினாலும் வெல்லும் நாடு பெரிதா?

நடுவட்டம்:
நாட்டைப் பற்றிய கேள்வி வேறு, அணியைப் பற்றிய கேள்வி வேறு. ஆனால் வறட்சியையும் சொல்லுங்கள். 2008 வெர்னனில் ஜெனிஃபர் ஜோன்ஸ் வென்ற பிறகு, 2017 பெய்ஜிங்கில் ஹோமன் வெல்லும் வரை கனடாவுக்கு ஒன்றுகூட இல்லை. அதே ஜோன்ஸ் 2014 சோச்சியில் ஒரு ஆட்டமும் தோற்காமல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது அந்த இடைவெளிக்குள்தான்!

2012 முதல் 2023 வரை நடந்த பதினொரு போட்டியில் எட்டு சுவிட்சர்லாந்துக்கு. ஸ்கிப்புகள்: மிர்யம் ஓட், பினியா ஃபெல்ச்சர் (இரண்டு தடவை), அலினா பேட்ஸ், சில்வானா. 80களில் கனடா இருந்த நிலைமைக்கு இவர்கள் வந்துவிட்டார்கள். உள்ளூர்த் தேர்விலேயே ஓர் உலகச் சாம்பியன் இன்னோர் உலகச் சாம்பியனை வீழ்த்த வேண்டியிருந்தது.

சும்மா_வந்தவன்:
கடைசிக் கல் உரிமை அவ்வளவு பெரிதா? எண்டை வெறுமையாக விடுவது என்றால் புள்ளி எடுக்காமல் இருப்பதா? ஏன்?

கடைசிக்கல்:
ஓர் எண்டில் ஓர் அணிதான் புள்ளி எடுக்கும். நடுப்புள்ளிக்கு மிக அருகில் யார் கல்லோ அவர்களுக்கு. எதிரணியின் நெருங்கிய கல்லைவிட உள்ளே இருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. புள்ளி எடுத்தவர் அடுத்த எண்டில் கடைசிக் கல் உரிமையை இழப்பார், ஹேமர் என்று வர்ணனையாளர்கள் கத்துவது இதைத்தான். ஹேமரை வைத்துக்கொண்டு ஒரே ஒரு புள்ளி எடுத்தால் நஷ்டக் கணக்கு. அதைவிட எல்லாக் கல்லையும் வெளியே தட்டிவிட்டு எண்டை வெறுமையாக்கினால் உரிமை உங்களிடமே இருக்கும். அடுத்த எண்டில் இரண்டு எடுக்கலாம்.

ஆனால் ஹேமர் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று இல்லை. 2010 வான்கூவர் ஒலிம்பிக் இறுதியைத் தேடிப் பாருங்கள். கனடாவின் ஷெரில் பெர்னார்ட் 6-4 முன்னிலை, கடைசியான 10வது எண்ட், கடைசிக் கல்லும் அவரிடம். தவறவிட்டார், நோர்பெர்க்குக்கு இரண்டு புள்ளி. 6-6. கூடுதல் எண்டிலும் கடைசிக் கல் பெர்னார்டிடம்தான். அதிலும் தவறியது. ஸ்வீடன் 7-6. சொந்த மண்ணில், அத்தனை கூட்டத்துக்கு முன்னால்.

பனிமலை:
நோர்பெர்க்கை இழுத்ததற்கு நன்றி. 2005, 2006 உலகப் பட்டம், 2006, 2010 ஒலிம்பிக் தங்கம். அவருடைய தொழில் காப்பீட்டுக் கணக்கு, இன்ன ஆபத்து வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுவது. ஆட்டத்தைப் பார்த்தாலே தெரியும். வான்கூவரோடு பழைய அணி கலைந்தது. எல்லாரும் முடிந்தது என்றார்கள். இளம் பெண்கள் மூவரைச் சேர்த்துக்கொண்டு 2011இல் டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் போய் மறுபடி உலகப் பட்டம். எண்ணிக்கையில் மூன்றுதான். ஆனால் புது அணியோடு வந்த அந்த மூன்றாவது, என் கணக்கில் இரண்டுக்குச் சமம்.

மேற்குக்காற்று:
அப்படி எடை போடுவதென்றால் ஆண்ட்ரியா ஷொப்பை எங்கே வைப்பீர்கள்?

1988 கிளாஸ்கோ, மேற்கு ஜெர்மனிக்கு முதல் பட்டம், அப்போது அவருக்கு வயது 23. பிறகு 2010 ஸ்விஃப்ட் கரண்ட், ஜெர்மனிக்கு இரண்டாவது பட்டம், வயது 45. நடுவில் 22 வருடம், நாட்டின் பெயரே மாறிவிட்டது! 2010 இறுதியில் எதிரே நின்ற ஸ்காட்லாந்து ஸ்கிப் ஈவ் மியூர்ஹெட்டுக்கு வயது 19. அதாவது ஷொப் முதல் பட்டம் வென்றபோது ஈவ் பிறக்கவே இல்லை. கூடுதல் எண்டு வரை போய் ஷொப் வென்றார்.

ஈவ் அதோடு சோர்ந்துவிடவில்லை, மூன்று வருடம் கழித்து 22 வயதில் பட்டம் வாங்கினார் என்பது தனிக் கதை.

துடைப்பம்:
ஷ்மிர்லரைப் பற்றி ஒற்றை வரியில் தாண்டிப் போகிறீர்கள், மனசு கேட்கவில்லை.

சஸ்காட்சுவான் மாகாணத்து அணி. சாண்ட்ரா ஷ்மிர்லர், ஜான் பெட்கர், ஜோன் மெக்கஸ்கர், மார்சியா குடரைட். மூன்று உலகப் பட்டத்திலும் இதே நால்வர். பெண்கள் கர்லிங் முதல்முறையாக முழுப் பதக்க விளையாட்டாக வந்தது 1998 நாகனோவில், அந்தத் தங்கமும் இவர்களுக்கே.

நாகனோவுக்குப் போக 1997இல் பிராண்டனில் நடந்த கனடா தேர்வுப் போட்டியின் இறுதி, எதிரே ஷானன் கிளைபிரிங்க். ஏழாவது எண்டு. எதிரணிக் கல் உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. நேராக அடிக்க வழி இல்லை. ஓரமாக நின்ற வேறொரு கல்லின் விளிம்பில் தன் கல்லைப் பட வைத்து, அங்கிருந்து குறுக்கே தெறித்து உள்ளே வந்து, அந்த எதிரணிக் கல்லைத் தட்டிவிட்டார். மூன்று புள்ளி. கல்லோடு உந்திக் கிளம்பும் இடத்திலிருந்து வட்டத்தின் நடு 38 மீட்டர். கல்லின் எடை 20 கிலோவை ஒட்டி. அங்கிருந்து இன்னொரு கல்லின் விளிம்பை எத்தனை அங்குலம் தொட வேண்டும் என்று குறி வைக்கிறார் ஒருவர்! கால் அங்குலம் கூடுதலாகப் பட்டிருந்தால் கல் வேறு பக்கம் போயிருக்கும். கனடாவில் இன்றும் இந்த ஒரு கல்லைப் பற்றிப் பேசுகிறார்கள்.

2000 மார்ச்சில் புற்றுநோயால் இறந்தார். வயது 36. எலிசபெத்தின் 1999 பட்டத்துக்குப் பிறகு இந்த இருவரும் இன்னும் ஐந்தாறு வருடம் மோதியிருந்தால் யாருக்கு எத்தனை என்று யார் கண்டது. அதனால் நான்கா மூன்றா என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசிக்கல்:
இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஷ்மிர்லரை யாரும் குறைத்துச் சொல்லவில்லை.

சும்மா_வந்தவன்:
அமெரிக்கா, சீனா எல்லாம் ஒரே ஒரு தடவைதானா? எப்படி ஜெயித்தார்கள்?

நடுவட்டம்:
அமெரிக்கா 2003, இடம் வின்னிபெக். கனடாவின் கர்லிங் கோட்டை. இறுதியில் கனடாவின் காலீன் ஜோன்ஸை 5-3 என்று டெபி மெக்கார்மிக் வீழ்த்தினார். வேடிக்கை என்னவென்றால் மெக்கார்மிக் பிறந்தது கனடாவின் சஸ்கட்டூனில். காலீன் ஜோன்ஸுக்கு 2001, 2004 என இரு பக்கமும் உலகப் பட்டம், நடுவில் இந்தத் தோல்வி.

சீனா கதை வேறு மாதிரி. ஹார்பினில் இளம் பெண்களைத் தேர்ந்தெடுத்து, கனடாக்காரர் டேனியல் ரஃபேலைப் பயிற்சியாளராக வைத்து, மாதக்கணக்கில் கனடாவிலேயே தங்க வைத்து ஆட விட்டார்கள். 2008இல் இறுதிக்கு வந்து ஜெனிஃபர் ஜோன்ஸிடம் தோல்வி. அடுத்த வருடம் கொரியாவின் கங்னுங்கில் வாங் பிங்யு அணி 8-6 என்று நோர்பெர்க்கையே வீழ்த்தியது. ஆசியாவுக்கு முதல் பட்டம், இன்றுவரை ஒரே பட்டம். கொரியா 2022இல் மிக அருகில் வந்து சில்வானாவிடம் 7-6 என்று தோற்றது.

மேற்குக்காற்று:
2002ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் ரோனா மார்ட்டின் சால்ட் லேக் ஒலிம்பிக்கில் தங்கம். இரண்டே மாதத்தில் பிஸ்மார்க்கில் உலகப் பட்டமும் ஸ்காட்லாந்துக்கு, ஆனால் ஸ்கிப் ஜாக்கி லாக்ஹார்ட். ஒலிம்பிக் தங்கம் வாங்கியவருக்கே உலகப் போட்டிக்கு இடம் உறுதியில்லை.

கடைசிக்கல்:
ஒரு தோல்விகூட இல்லாமல் வென்றவர்களை வைத்துப் பார்க்கலாமே. ஹோமன் 2017இல் 13-0, பெண்களில் அதுதான் முதல் தடவை. ஜெனிஃபர் ஜோன்ஸ் 2018 நார்த் பேயில் 14-0. சில்வானா இரண்டு தடவை. எலிசபெத் பட்டியலில் இல்லை!

பனிமலை:
எலிசபெத் காலத்தில் பத்து அணிகள். இப்போது பதிமூன்று. ஆட்டம் கூட, ஆனால் பலவீனமான அணிகளும் கூட. அது மட்டுமா? இப்போது முதல் ஐந்து கல் விழும்வரை வட்டத்துக்கு முன்னால் காவலாக நிற்கும் எதிரணிக் கல்லை வெளியே தள்ளக்கூடாது. காவல் கற்களுக்கு இந்த மாதிரிப் பாதுகாப்பே 90களின் தொடக்கத்தில்தான் வந்தது, அப்போது ஐந்தும் கிடையாது. ஓடும் கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்க்கும் பிரஷ் துணி விஷயம் வேறு. 2015-16 சீசனில் சில துணிகள் கல்லைத் திசை திருப்பும் அளவுக்குப் பனியைக் கீறுகின்றன என்று பெரிய ரகளை, பிறகு எல்லாருக்கும் ஒரே துணி என்றார்கள். இரண்டு காலத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கடைசிக்கல்:
அப்படியானால் யாரையும் யாரோடும் ஒப்பிட முடியாது, இழையை மூடிவிட்டுப் போகலாம். வரிசையாக நான்கு என்பதை எந்த விதியும் மாற்றாது. ஒரே ஸ்கிப் வரிசையாக நான்கு வென்றது பெண்கள் போட்டி வரலாற்றில் இவர் மட்டும்தான்.

துடைப்பம்:
வரிசையாக என்ற சொல்லை நானும் கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2019க்கு அடுத்து 2021. நடுவில் 2020 இருக்கிறது.

2020 பிரின்ஸ் ஜார்ஜில் நடக்க வேண்டியது. அணிகள் வந்து இறங்கிய பிறகு, தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது கொரோனாவால் ரத்து. சரி. அந்த வருடம் சுவிட்சர்லாந்து யாரை அனுப்பியிருந்தது? சில்வானாவை இல்லை. எலினா ஸ்டெர்ன் அணியை. உள்நாட்டுச் சாம்பியன்ஷிப்பை அந்த வருடம் அவர்கள்தான் வென்றார்கள். போட்டி நடந்திருந்தால் சில்வானா வீட்டிலிருந்து பார்த்திருப்பார், இந்த வரிசையும் 2019லேயே அறுந்திருக்கும்.

மேற்குக்காற்று:
ஆகா. மேலே கனடாவைப் பற்றி நான் சொன்னது சுவிட்சர்லாந்துக்கும் அப்படியே!

கடைசிக்கல்:
நடக்காத போட்டியை யாரும் தோற்க முடியாது.

துடைப்பம்:
வெல்லவும் முடியாது. பட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த எலினா ஸ்டெர்ன் அணியில் கடைசிக் கல் விட்டவர் பிரையர் ஹூர்லிமன். 2023 சான்ட்விக்கனில் பட்டம் வென்ற சில்வானா அணியின் லீட் (முதல் இரண்டு கல் விடுபவர்) யார் என்று பாருங்கள். அதே பிரையர்.

நடுவட்டம்:
2021 சுலபமாக வந்த பட்டம் என்றும் நினைக்க வேண்டாம். முதலில் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் நடக்க இருந்தது, அங்கே அனுமதி கிடைக்கவில்லை. கால்கரியில் வெளி ஆள் யாரும் நுழையாத பாதுகாப்பு வளையத்துக்குள், பார்வையாளர் இல்லாமல் நடந்தது. நடுவில் ஒளிபரப்புக் குழுவில் தொற்று வந்து சில ஆட்டங்கள் டிவியிலேயே வரவில்லை. கனடாவின் கெர்ரி ஐனார்சன் தொடக்கத்தில் தோற்றுத்தோற்று, எப்படியோ பிளேஆஃப் வரை ஏறி வந்தார். அந்தக் குழப்பத்துக்குள் இறுதியில் ரஷ்ய அணியை 4-2 என்று அடக்கியது சில்வானா அணி. பெண்கள் இறுதிப் போட்டிகளில் அவ்வளவு இறுக்கமாக, அவகாசமே கொடுக்காமல் ஆடிய ஆட்டம் எனக்கு வேறு நினைவில்லை.

பனிமலை:
அதை மறுக்கவில்லை. ஆனால் என் ஓட்டு மாறவில்லை. எலிசபெத் 2, சில்வானா 1, ஷ்மிர்லர் 1 என்று எழுதிக்கொள்ளலாமா?

கடைசிக்கல்:
எலிசபெத்துக்கு இரண்டாவது ஓட்டு யார் போட்டது?

பனிமலை:
மேற்குக்காற்று போடுவார் என்று நினைத்தேன்.

மேற்குக்காற்று:
என் ஓட்டு ஷொப்புக்கு.

சும்மா_வந்தவன்:
நான் இன்னும் ஒரு ஆட்டமும் முழுதாகப் பார்க்கவில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

நடுவட்டம்:
2019 சில்கபோர்க் இறுதி. சில்வானாவும் ஸ்வீடனின் அன்னா ஹாசல்போரியும், கூடுதல் எண்டு, 8-7. ஹாசல்போரி அப்போது நடப்பு ஒலிம்பிக் சாம்பியன், முந்தைய வருட உலக இறுதியில் ஜெனிஃபர் ஜோன்ஸிடம் தோற்றவர். அதைப் பார்த்துவிட்டு 2024 இறுதிக்கு வாருங்கள். ஹோமனின் கல் வேகத்தையும் அலினாவின் கல் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் பாதி விஷயம் தானாகப் புரியும். ஸ்கோர் பலகையைப் பார்க்காமல், ஒவ்வோர் எண்டிலும் ஹேமர் யாரிடம் என்று மட்டும் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள்.